அம்மாவின் பெயரை அப்பா சொல்லப் போனபோது

மூளையில் அடைப்பு வந்து மீண்ட பிறகு அப்பாவுக்குப் பெயர்கள் வருவதில்லை. கரிக்கலாம்பாக்கத்து வயலுக்கு நடந்து போய் வருகிறார். பேசும்போது பெயர் வர வேண்டிய இடத்தில் நின்றுவிடுவார். "அதாம்மா, வாய்க்கால்ல தண்ணிய மறிப்பமே, அது" என்பார். பலகையைச் சொல்கிறார். "நீங்க எடுத்துக் குடுக்காதீங்க, அவரே விவரிக்கட்டும்" என்று பேச்சுப் பயிற்சி தந்தவர் சொல்லியிருந்தார்.

கம்பெனியில் அளவுக் கருவிகளைச் சோதிப்பது என் வேலை. பதவி உயர்வுத் தேர்வுக்காக அப்போது ஆங்கில இலக்கணம் படித்தேன். ஆளுக்கு ஹூ, பொருளுக்கு விச், உடைமைக்கு ஹூஸ். பயிற்சிக்கு அப்பாவின் வாக்கியங்களையே எடுத்துக்கொண்டேன். நோட்டில் வரிசை எண், அவர் சொன்னது, எதிரே ஆங்கிலம். நாற்பத்தொன்று, தண்ணீரை மறிக்கும் பலகை. தமிழில் விவரம் முன்னால் வருகிறது, பெயர் கடைசியில். ஆங்கிலத்தில் பெயரைச் சொன்ன பிறகுதான் விவரம் தொடங்கும். அந்தத் திருப்பம்தான் எனக்குப் பிடிபடவில்லை. அப்பாவுக்கு அந்தக் கடைசிச் சொல் மட்டும்தான் இல்லை.

அம்மாவின் முதலாண்டு நினைவுத் திருப்பலி நெருங்கியது. எங்கள் பங்குக் கோயிலில் இறந்தவர் பெயரை வீட்டார் நேரில் போய்ப் பதிய வேண்டும். "நான்தான் சொல்லுவேன்" என்றார் அப்பா. மூன்று நாள் சொல்லிப் பார்த்தோம். இரண்டு முறை சரியாக வந்தது.

கோயில் வாசலில், ஃபாதருக்கு உதவியாக இருக்கும் கோயில்பிள்ளை பதிவேட்டை விரித்து, "சொல்லு மாமா" என்றார்.

அப்பா வாயைத் திறந்தார். "அதாம்பா... கஞ்சி வடிக்கும்போது பாடுவாளே."

"தெரியும் மாமா. பேரு?"

"பாகூர் பஸ்ஸுல ஏறுனதும் தூங்கிடுவாளே, அவ."

வரிசையில் பின்னால் நின்றவர், "இன்னாம்மா, நீதான் சொல்லேன், வெயில் ஏறுது" என்றார். பெயர் என் நாக்கு நுனியில் இருந்தது. அப்பா திரும்பாமலே கையை நீட்டி என்னைத் தடுத்தார். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. பிறகு அழுதுவிட்டார்.

கோயில்பிள்ளை மறுபடி கேட்கவில்லை. "நீ சொன்னதயே எழுதிக்கிறேன் மாமா. கடவுளுக்கு ஆளு தெரியும்" என்றார். நான் குறுக்கிடவில்லை.

ஞாயிறன்று ஃபாதர் பெயர்களை வரிசையாக வாசித்தார். நடுவில் ஒரு கணம் நிறுத்தினார். "கஞ்சி வடிக்கும்போது பாடியவர், பாகூர் பேருந்தில் ஏறியதும் தூங்கிவிடுபவர்" என்று அதே குரலில் வாசித்து அடுத்த பெயருக்குப் போனார். யாரும் சிரிக்கவில்லை.

அப்பா என் பக்கம் குனிந்தார்.

"பேர படிச்சிட்டாரா?"

"படிச்சிட்டாருப்பா."