லைட் கேட்கப் போன நாள்

அம்மா இருக்கும் முதியோர் கட்டடம் வோபர்ன் என்ற பகுதியில், ஒரு நாலு தடத் தெருவின் ஓரத்தில் இருக்கிறது. தெருவுக்கு மற்றப் பக்கம் மாதா கோயில். பல்கனியில் நின்றால் சிலுவை தெரியும். சிக்னல் லைட் தெரியாது. அது இரண்டு பஸ் தரிப்புகள் தள்ளி. முழங்கால் வலியோடு பனிக்குள் அவ்வளவு தூரம் போய்ச் சுற்றி வர யாருக்கு முடியும்? எல்லோரும் கட்டடத்துக்கு நேரேதான் கடப்பார்கள். போன மாரியில் அப்படிக் கடந்த ஒரு அன்ரியைக் கார் அடித்துவிட்டது. உயிர் தப்பிவிட்டார், இடுப்பு எலும்பு உடைந்தது.

அன்றிலிருந்து நானும் மற்றப் பிள்ளைகளும் எங்கள் அம்மாமாரைத் தெருக் கடக்கக்கூடாதென்று மறித்துவிட்டோம். எனக்கு மார்க்கம் நகரில் வேலை. ஞாயிறுகளில் காரில் கூட்டிப்போவேன். ஆனால் அம்மா தினமும் காலைப் பூசைக்குப் போய்ப் பழகியவர். "கோயில் கண்ணுக்கு முன்னால கிடக்கு, நான் டிவியில பூசை பாக்கிறன்" என்று ஒவ்வொரு நாளும் போனில் சொல்லி என் உயிரை வாங்கினார்.

லைட் போடச் சொல்லி மாநகரசபையிடம் கேட்டோம். ஆட்கள் வந்து ஒரு நாள் முழுக்கத் தெருவோரம் இருந்து கடப்பவர்களை எண்ணிக்கொண்டு போனார்கள். கடக்கிறவர்கள் மிகக் குறைவு, ஆகவே லைட் தேவையில்லை என்று பிறகு பதில் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் எல்லோரையும் வீட்டுக்குள் மறித்து வைத்திருக்கும்போது வந்து எண்ணினால் வேறென்ன கிடைக்கும்? இறுதி முடிவெடுக்கும் கவுன்சிலர் குழுவின் கூட்டத்தில் பொதுமக்களும் பேசலாம் என்று அறிந்ததும், நேரே போய் இதைச் சொல்வதென்று தீர்மானித்தோம்.

நானே பேச நினைத்திருந்தேன். ஆனால் கட்டடத்தில் மாஸ்டர் இருந்தார். ஊரில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றின் அதிபராக இருந்தவர். அவர் இருக்க வேறொருவர் வாய் திறப்பது மரியாதையில்லை என்று கட்டடமே ஒரு குரலில் சொன்னது. அதில் முன்னுக்கு நின்றது அம்மாதான். "அவர் பேசினா ஒரு கனம் இருக்கும். நீ சண்டைக்காரி."

கோயிலின் வான் வண்டியில் கூட்டத்துக்குப் போகும்போது மாஸ்டருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டேன். "மாஸ்டர், ஒரே ஒரு விசயம்தான். அவங்கள் எண்ணேக்க நாங்கள் பயத்தில கடக்கேல்லை. அதைச் சொன்னாப் போதும்."

"ஓம் பிள்ளை, ஓம். நான் வடிவாச் சொல்லுவன்" என்றார். கோட்டும் டையும் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, கல்யாண வீட்டுக்குப் போவதுபோல வந்திருந்தார்.

எங்கள் விஷயம் கடைசியில் இருந்தது. மாநகர ஊழியர்களின் பல்லுக்கும் கண்ணாடிக்கும் காப்புறுதி எவ்வளவு கொடுப்பது என்று காலை முழுக்கப் பேசினார்கள். பிறகு ஒரு பாலத் திருத்தம். பிறகு பொலிஸ் நிலையத்தில் பிடிபட்டவர்களை அடைத்து வைக்கும் அறைகளில் இடம் போதவில்லையாம். சுவரை எந்தப் பக்கம் தள்ளிக் கட்டுவது என்று வரைபடத்தைத் திரையில் போட்டு வாதாடினார்கள். அதெல்லாம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பின்வரிசையில் எங்கள் அம்மாமார் சாப்பிடக் கொண்டுவந்த பற்றீஸ் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு நித்திரை தூங்கி விழுந்துகொண்டிருந்தார்கள். எங்கள் முறை வந்தபோது நேரமாகிவிட்டதென்று சொல்லி, தலைவர் ஐந்து நிமிடத்தை மூன்றாகக் குறைத்தார்.

மாஸ்டர் எழுந்துபோய் மைக்கைப் பிடித்தார். நல்ல கணீரென்ற ஆங்கிலம். பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே என்று தொடங்கினார். பிறகு ஒவ்வொரு கவுன்சிலரையும் பெயர் சொல்லி, அவரவர் தொகுதியைச் சொல்லி விளித்தார். அதிகாரிகளை விளித்தார். வாசலில் நின்ற காவலாளியைக்கூட விடவில்லை. ஊரில் மேடை ஏறுகிறவர் அப்படித்தான் பேசுவார். யாரையாவது விட்டால் குறையாகிவிடும். இந்தச் சபையில் பேசத் தனக்குத் தகுதியில்லை என்றார். அகதிகளாக வந்த எங்களை ஏற்ற நாட்டுக்கு நன்றி என்றார். நான் கதிரை நுனிக்கு வந்துவிட்டேன். விஷயத்துக்கு வாங்கோ மாஸ்டர், விஷயத்துக்கு வாங்கோ என்று மனதுக்குள் கத்தினேன். "எங்கள் தெருவில்" என்று அவர் தொடங்கவும் மணி அடித்தது.

ஒரு கவுன்சிலருக்கு மட்டும் எங்களில் இரக்கம் இருந்தது. "ஐயா, அந்தக் கடவையைப் பற்றி வேறேதும் சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கேட்டார். வாசலைத் திறந்தே விட்டார் அந்த மனிதர்! மாஸ்டர் நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்தார். "எல்லாவற்றையும் உங்கள் மேலான தீர்ப்புக்கே விட்டுவிடுகிறேன்."

அவர்களும் தீர்ப்பை உடனே சொல்லிவிட்டார்கள். லைட் இல்லை. காவலறைச் சுவருக்குச் செலவழித்ததில் ஒரு துளி நேரம்கூட எங்களுக்குச் செலவாகவில்லை. நான் வெளியே ஓடிப்போய் ஒரு அதிகாரியைப் பிடித்தேன். வருகிற வருடம் மறுபடி எண்ணச் சொல்லிக் கேட்கலாம் என்றாள், புன்னகை மாறாமல்.

திரும்பி வரும்போது வான் வண்டிக்குள் எல்லோரும் பற்றீஸ் சாப்பிட்டபடி மாஸ்டரின் ஆங்கிலத்தைப் புகழ்ந்தார்கள். "வெள்ளைக்காரர் அசையாமல் கேட்டவங்கள்" என்றார் ஒரு அன்ரி. மாஸ்டர் கூச்சத்தோடு சிரித்தார். அவரை உலுக்க வேண்டும்போல் இருந்தது. அதைவிட, மரியாதை என்று சொல்லி என் வாயைக் கட்டிய எல்லோர் மேலும் கோபம் வந்தது.

வீட்டுக்குள் வந்ததும், ஆங்கிலம் விளங்காத அம்மா கேட்டார், "அப்ப லைட் எப்ப போடுவாங்கள்?"

"போடமாட்டாங்கள் அம்மா. கடக்கிற ஆக்கள் காணாதாம். அடுத்த வருசம் திரும்ப எண்ணுவாங்களாம்."

அம்மா கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்தார்.

"நாங்கள் வீட்டுக்க இருந்தா அப்பவும் காணாது எண்டுதானே சொல்லுவாங்கள்?"

"ஓம்."

அம்மா எழுந்துபோய், அலுமாரிக்கு மேலே வைத்திருந்த குளிர்காலச் சப்பாத்தை எடுத்துக் கதவடியில் வைத்தார்.

"என்னம்மா செய்யிறியள்?"

"நான் நாளையில இருந்து பூசைக்குக் கடந்து போறன். மற்றவையையும் வரச் சொல்லுறன். எண்ணுறதுக்கு ஆராவது தெருவில நிக்கத்தானே வேணும்."