கீழ்வீட்டுக்குப் போன புத்தகங்கள்

புனிதமலருக்குப் பொறாமைப்பட ஆள் இல்லாமல் ஒரு வாரம்கூடப் போகாது. ஆபீசில் புதிதாக வந்த பெண்ணின் கையெழுத்து, அக்காள் வீட்டுச் சமையலறை, கோயிலில் முன்வரிசையில் நிற்பவளின் சேலை, எதைப் பார்த்தாலும் அவளுக்கு வயிறு எரியும். அதை ஒப்புக்கொள்ளவும் தயங்கமாட்டாள். "பொறாமைதான். அதுக்கு என்னா இப்ப?" என்பாள். அதனாலேயே அவளோடு பழகுவது சுலபம். ஆனால் கீழ்வீட்டுக் குமுதாவின்மேல் வந்த பொறாமையை மட்டும் அவள் கணவன் முகுந்தனிடம்கூடச் சொல்லவில்லை. மகளை வைத்து வந்த பொறாமை அது.

மலர் கிள்ளானில் ஓர் அடுக்குமாடியில் நான்காம் மாடியில் குடியிருந்தாள். துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா. பள்ளிக்கூடத்தில் எந்த வருடமும் அவள்தான் முதல். ஆசிரியர் கேள்வியை முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிடுகிற ரகம். மேலே படிக்கக் குடும்பம் இடம் கொடுக்கவில்லை. தூக்கிய அந்தக் கை இன்னும் கீழே இறங்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அவளுக்கு ஒரே மகள். விஷ்ணுப்ரியா, பதினான்கு வயது, இரண்டாம் படிவம். தமிழ்ப்பள்ளியில் நன்றாகப் படித்த பெண், இடைநிலைப்பள்ளிக்குப் போய் எல்லாப் பாடமும் மலாயில் என்றானதும் தடுமாறினாள். மலர் சும்மா இருப்பாளா? சுவரைப் பார்த்தபடி ஒரு மேசை போட்டாள். கலர் பேனாவில் அட்டவணை எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டினாள். வேலை முடிந்து வந்ததும் மகள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். மகள் ஒரு கேள்வியை வாசித்து, யோசிக்கலாம் என்று கண்ணை மேலே தூக்கினால் போதும், மலர் பதிலைச் சொல்லிவிடுவாள். மகள் தலையாட்டி எழுதிக்கொள்வாள். மறுநாள் அதே கேள்விக்கு மறுபடியும் கண்ணை மேலே தூக்குவாள். "நேத்துத்தானே சொன்னேன்? மண்டையில என்னா இருக்கு?" என்று மலர் கத்துவாள். இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது.

ஒருநாள் பிரியா வீட்டுச் சாவியை மறந்துவிட்டுப் பள்ளிக்குப் போனாள். பள்ளி விட்டு வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவளை மூன்றாம் மாடிக் குமுதா வீட்டுக்குள் கூப்பிட்டுச் சோறு போட்டாள். குமுதா கேரி தீவில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவள். கல்யாணமாகி இங்கே வந்து, பக்கத்து ஊரான மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். முப்பது வயதிருக்கும். மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரே பிடிவாதம். ஆனால் அதற்கான உண்டாங் பரீட்சையில், அதாவது சாலை விதிகளைக் கேட்கிற பரீட்சையில், இரண்டு தடவை தோற்றிருந்தாள். மலாய் பேசுவாள், வாசிக்கத்தான் திணறுவாள். அன்றைக்குப் பிரியா அவளுக்கு ஒரு பக்கம் வாசித்துச் சொன்னாள். மறுநாள் சாவி கையில் இருந்தும் கீழ்வீட்டுக்கே போனாள்.

"குமுதாக்கா கேள்வி கேக்குறாங்கம்மா. நான் சொல்றேன். அப்புறம் என் பாடத்தையும் கேக்குறாங்க" என்றாள் மகள்.

"அவளுக்கு என்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது" என்று சிரித்தாள் பிரியா. வீட்டில் அவள் அப்படிச் சிரித்து மலர் பார்த்து நாளாகியிருந்தது.

ஒரு மாலை வேலை விட்டு வந்த மலர் மூன்றாம் மாடியில் நின்றுவிட்டாள். கிரில் கதவு சாத்தியிருந்தது, உள்கதவு திறந்திருந்தது. மலாக்கா ராஜ்யம் எப்படி உண்டானது என்று பிரியா கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அப்புறம் என்னா ஆச்சு?" என்றாள் குமுதா. பிரியாவுக்குத் தெரியவில்லை. இருங்க இருங்க என்று பக்கம் புரட்டினாள். குமுதா கீரை ஆய்ந்துகொண்டு காத்திருந்தாள். மலருக்குப் பதில் நாக்கு நுனியில் துடித்தது. கடைசியில் பிரியாவே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு, "புரிஞ்சுச்சாக்கா? இல்லன்னா திரும்பச் சொல்றேன்" என்றாள். அந்தக் குரலில் ஒரு டீச்சரின் மிடுக்கும் பிரியமும் இருந்தன. பெற்றவளிடம் ஒருநாளும் வராத குரல் அது. மலர் செருப்புச் சத்தம் கேட்காமல் மாடி ஏறினாள். அன்றைக்கு வைத்த குழம்பில் உப்புப் போட மறந்தாள்.

பிரியாவின் மதிப்பெண் ஏறியது. பெற்றோர் சந்திப்பு நாளில் சரித்திர ஆசிரியை, வீட்டில் யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்டார். "நான்தான்" என்றாள் மலர். வாயிலிருந்து அதுவாகவே வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மகள் தரையைப் பார்த்தாள். காரில் பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சரஸ்வதி பூசை வந்தது. மலர் சாமிமேடையைத் துடைத்து, மஞ்சள் துணி விரித்து, மகளின் புத்தகங்களுக்கென்று நடுவில் இடம் விட்டுவைத்தாள். கடலையும் அவித்தாயிற்று. "புக்கெல்லாம் எடுத்துட்டு வா" என்றாள்.

பிரியா கையைப் பிசைந்தாள். "கீழ வச்சுட்டேன்மா. அக்கா அவங்க உண்டாங் புக்க வச்சாங்க. அதுகூடவே என்னோடதையும் வச்சுட்டேன்."

மலர் மஞ்சள் துணியின்மேல் தன் ஆபீஸ் கால்குலேட்டரை வைத்துக் குங்குமம் இட்டாள். ஆத்திரத்தில் குங்குமம் பொத்தான்மேலெல்லாம் கொட்டியது. "சாமிக்குக்கூட அங்கதான் போகணும் போல" என்றாள். முகுந்தன் இன்னொரு பிடி கடலையை வாயில் போட்டுக்கொண்டான். அவன் கெட்டிக்காரன்.

மறுநாளே மலர் ஒரு முடிவுக்கு வந்தாள். மகளைப் போகாதே என்று தடுத்தால் தோற்றதாகிவிடும். அதனால் குமுதாவை மேலே வரச்சொன்னாள். "சின்னப் பொண்ணு சொல்லி நீ எங்க பாஸ் பண்றது? நான் சொல்லித் தர்றேன் வா. பிரியாவும் பக்கத்துலயே படிக்கட்டும்."

குமுதா சந்தோஷமாக வந்தாள். சுவரைப் பார்த்த மேசையில் இரண்டு நாற்காலிக்கு மூன்று நாற்காலி ஆனது. புலாத்தானில், அந்த வட்டச் சந்தியில், யாருக்கு வழி விட வேண்டும் என்று குமுதா எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள், "வலப்பக்கம் வர்ற வண்டிக்கு. அடுத்தது?" என்பாள் மலர். ஒரு மாலைக்குள் பாதிப் புத்தகம் தாண்டிவிடும். குமுதா வியந்து தலையாட்டுவாள். பிரியா எதிலும் கலந்துகொள்ளாமல் பென்சிலைச் சீவிக்கொண்டிருப்பாள். மகளைத் திரும்பப் பிடித்துவிட்டோம் என்று மலர் நினைத்தாள்.

குமுதா மூன்றாவது தடவையும் தோற்றாள். முன்னைவிடக் குறைந்த மதிப்பெண்.

அன்று மாலை அவள், உருளைக்கிழங்குக் கறி வைத்துப் பொரித்த கறிப்பாப் ஒரு பொட்டலத்தோடு மேலே வந்தாள். கோபம் ஒன்றும் இல்லை. "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சொல்றப்ப எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கு. கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தா ஒண்ணும் இல்லலா. பிரியா கூட இருந்தா அவளும் தேடுவா, நானும் தேடுவேன். தப்புத்தப்பா சொல்லிக்குவோம். ஆனா தேடுனது மறக்கல."

"அப்போ நான் சொல்லிக்கொடுத்ததுதான் தப்பா?"

பதில் மேசைப் பக்கமிருந்து வந்தது. "எனக்கும் அப்படித்தான்மா" என்றாள் பிரியா, பென்சிலைப் பார்த்துக்கொண்டே.

மலருக்கு முதலில் அவமானம்தான். அதற்குக் கீழே பழைய எரிச்சலும் அப்படியே இருந்தது. எதுவும் தெரியாதவளுக்குக் கிடைத்தது, எல்லாம் தெரிந்த தனக்கு ஏன் கிடைக்கவில்லை? அவள் கறிப்பாப்பைத் தட்டில் வைத்து எல்லோருக்கும் கொடுத்தாள். "நாளையிலருந்து கீழயே படிங்க" என்றாள்.

சில நாள் கழித்து மலர், மகள் மேசையில் தனியாக இருந்த நேரம் பார்த்துச் சரித்திரப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். குமுதாவின் குரலை அப்படியே வரவழைத்துக்கொண்டு, "மலாக்காவுக்கு அப்புறம் என்னா ஆச்சு?" என்று கேட்டாள்.

பிரியா நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்குத்தான் தெரியுமேம்மா."

உண்மைதான். மலர் புத்தகத்தை மூடினாள். இந்த மேசையில் தனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு புத்தகமாக நகர்த்திப் பார்த்தாள். அடியில் ஒன்று கிடந்தது. அவள் படித்த காலத்தில் இல்லாத பாடம், வடிவமைப்பும் தொழில்நுட்பமும். நடுவில் பிரித்தாள். ஒரு மீன்தொட்டி, அதற்கு மேலே கீரைச்செடிகள், இடையில் குழாய்கள், நாலாபக்கமும் அம்புக்குறிகள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"இது என்னா பிரியா?" என்றாள். அடுத்த வார்த்தை வெளியே வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. "எனக்குத் தெரியாது."

பிரியா சந்தேகமாக அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். "இது மீன் தண்ணியிலயே செடி வளக்கிறதும்மா. மீனோட கழிவு தண்ணியில கலக்குமா, அது இந்தக் குழாய் வழியா மேல போயி..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். கண்ணை மேலே தூக்கினாள். மலர் காத்திருந்தாள். வேறு வழியும் இல்லை, அவளிடம் பதில் கிடையாது. பிரியா பக்கத்தைப் புரட்டினாள், முன்னால் போனாள், பின்னால் வந்தாள், ஒரு வரியில் விரலை வைத்தாள், தொடர்ந்து சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, கீழ்வீட்டில் கேட்ட அதே குரலில், "புரிஞ்சுச்சாம்மா?" என்றாள்.

மலருக்கு முக்கால்வாசி புரிந்துவிட்டது.

"இல்ல" என்றாள். "திரும்பச் சொல்லு."