கேட்காமல் எழும்பிப் போகலாம்

அரசாங்கமும் புலிகளும் சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலத்தில் திருகோணமலையில் மழைக்கு ஈசல் கிளம்பினமாதிரிப் பயிற்சிப் பட்டறைகள் கிளம்பின. எல்லாவற்றுக்கும் ஒரு பட்டறை, மத்தியானம் ஒரு சோற்றுப் பார்சல். துறைமுகத்துக்குக் கிட்ட நாங்கள் சிலர் வேலை செய்த விளம்பரப் பலகைக் கடைக்கும் ஒன்று வந்தது. எங்களோடு படம் வரைந்த ஒருவரை முன்னிட்டு வந்த பட்டறை அது.

அவரை மண்டைக்கனம் பிடித்தவர் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். முகம் பார்த்துக் கதைக்கமாட்டார். இரண்டு வேலையைச் சேர்த்துச் சொன்னால் இரண்டும் நடக்காது. சுழியோடிகள் வராமலிருக்க நேவிக்காரர் துறைமுகத் தண்ணீருக்குள் வெடி போடும் சத்தம் கேட்டால் நாங்கள் குடிக்கிற தேநீரைக்கூடக் கீழே வைக்கமாட்டோம். முப்பது வயது தாண்டிய அந்த மனிதர் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் இருப்பார்.

காலையில் கொண்டுவந்து விடுவதும் பின்னேரம் கூட்டிப்போவதும் அவருடைய அம்மா. அவர்களும் நானும் இருந்த அன்புவழிபுரம் போகிற வழியில் ஆமிக்காரர் ஆட்களை மறித்துச் சோதிக்கும் சென்றி இருந்தது. எல்லோரும் பஸ்ஸால் இறங்கி, ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசையாக நடக்கவேண்டும். அம்மா மட்டும் மகனின் கையை விடாமல் ஆண்கள் வரிசையில் போவார். அங்கே காவல் நின்றவர்களுக்கும் அது பழகிப்போயிற்று. “நான் இல்லாத நாளில இவன் இதுக்குள்ள என்ன செய்வானோ பிள்ளை,” என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பார்.

பயிற்சி தர வந்தவள் கொழும்பிலிருந்து வந்த, என் வயதுப் பெண். அவருக்குப் பிறவியிலேயே இருப்பது ஓட்டிசம் என்றாள்; அந்தச் சொல்லையே அன்றுதான் கேட்டோம். “ஊர் கிடக்கிற கிடையில இதுக்கும் ஒரு வகுப்போ,” என்று முதலாளி முணுமுணுத்தார். அவள் கதைத்து மினக்கெடவில்லை. முதலாளியிடம் தூரிகையைக் கொடுத்து ஒரேயொரு எழுத்தை எழுதச் சொன்னாள். ஜெனரேற்றரைப் போடுவித்தாள். றேடியோவை உச்சத்தில் வைத்தாள். எங்களை ஆளுக்கொரு கேள்வியாக ஒரே நேரத்தில் கேட்கச் சொல்லிவிட்டு, பின்னால் போய் முதலாளியின் தோளில் தட்டினாள். முதலாளி தூரிகையை எறிந்துவிட்டு வெளியே போய்விட்டார்.

முதலாளி திரும்பி வரும்வரை காத்திருந்து, படம் வரைகிறவரைக் காட்டினாள். “இவருக்கு ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான் இருக்குது. நீங்கள் வெளியில போயிற்றீங்கள். இவர் எங்க போறது?” என்றாள்.

அதன்பிறகு கடை மாறியது. ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்வோம். பின்னாலிருந்து அவரைத் தொடமாட்டோம். பெயின்ற் ரின்கள் கிடந்த பின் அறையை ஒதுக்கி ஒரு கதிரை போட்டோம். தாங்க ஏலாமல் போனால் அவர் எழும்பி அங்கே போகலாம். யாரும் காரணம் கேட்கக்கூடாது, பின்னால் கூப்பிடவும் கூடாது.

கஷ்டம் என்னவென்றால், அவர் போகமாட்டார். வியர்த்து ஒழுக நின்றுகொண்டு “போகட்டா, போகட்டா” என்று கேட்பார். பிறந்ததிலிருந்து கேட்டே பழகியவர். நாங்களும் விடவில்லை. “கேக்கத் தேவையில்லை அண்ணா, எழும்பிப் போங்கோ,” என்று மாதக்கணக்காக ஆளாளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். ஒருநாள் ஜெனரேற்றர் இரைந்தபோது அவர் கேட்கவில்லை. தூரிகையைக் கழுவி வைத்தார். தலையை நிமிர்த்திக்கொண்டு பின் அறைக்குப் போனார். முதலாளி எல்லோருக்கும் பிளேன்ரீ வாங்கித் தந்தார். அந்தக் கடையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறில்லை.

பிறகு சண்டை திரும்பி வந்தது. சென்றியில் ஆட்கள் மாறினார்கள். அம்மா காய்ச்சலோடு அவரைக் கடையில் கொண்டுவந்து விட்ட ஒருநாள், “பின்னேரம் வரேக்க இவனையும் பாத்துக் கூட்டிக்கொண்டு வா பிள்ளை,” என்று என்னிடம் ஒப்படைத்தார்.

பஸ்ஸால் இறங்கியதும் நான் அவரோடு நிற்கப் பார்த்தேன். காவலில் நின்ற ஒருவன் துவக்கு முனையால் பெண்கள் வரிசையைக் காட்டினான். திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனேன். அவர் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒழுங்காகத்தான் நின்றார். லொறியொன்று ஹோன் அடித்தது. விசில் ஊதினார்கள். யாரோ சிங்களத்தில் கத்தினார்கள். காவலில் நின்ற ஒருவன் பின்னாலிருந்து அவர் தோளைப் பிடித்துத் திருப்பினான்.

அவர் பதறவில்லை. அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்தார். தலையை நிமிர்த்திக்கொண்டு, யாரிடமும் கேட்காமல், வரிசையை விட்டு நடந்தார். நிற்கச் சொல்லிக் கத்தினார்கள். நானும் “அண்ணா நில்லுங்கோ” என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. எழும்பிப் போகிற அவரை நாங்கள் அத்தனை காலமாக ஒருமுறைகூடப் பின்னால் கூப்பிட்டதில்லை. ஒரு வெடிதான் கேட்டது. நான் ஓடிப்போக முன்பே முடிந்துவிட்டது.

சில மாதம் கழித்துப் பயிற்சிக்காரப் பெண் மறுபடி வந்தாள். கடையில் என்ன மாற்றம் ஏற்பட்டிருக்கிறது என்று பார்க்க வந்தாளாம். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவருடைய மேசை வெறுமையாக இருப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “பின் அறையில இருக்கிறாரா?” என்று கேட்டாள். அவருக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாதென்று குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள்.

முதலாளி குனிந்துகொண்டார். எனக்கு ஆத்திரம் பொங்கியது, அவள் மேல் இல்லை.

“நீங்கள் சொல்லித் தந்ததை நாங்கள் நல்லாப் படிச்சனாங்கள் மிஸ். அவரும் படிச்சிட்டார். சென்றியில நிண்டவனுக்குத்தான் ஒருத்தரும் படிப்பிக்கேல்லை.”