நடுவில் ஆடிய இருசப்பன்

எலவனாசூர்கோட்டை இருசப்பன் மாலத்தீவில் ஆறு ஆண்டுகள் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடினார். அத்தனை ஆண்டுகளிலும் சேர்த்து அவர் போட்ட கோல்கள் ஏழுதான். மைதானத்தின் நடுவில் நின்று எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்து, முன்னால் ஓடுகிறவனுக்குத் தள்ளிவிடுவது அவர் வேலை. கைதட்டல் எப்போதும் அடுத்தவனுக்குப் போய்விடும். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

கள்ளக்குறிச்சியில் பள்ளிக்கூடம் படித்தபோது ஆடத் தொடங்கியவர். பிறகு மெட்ராஸில் ஓர் அலுவலக அணியில் நான்கு வருஷம். 1986இல் அங்கே ஆட வந்த மாலே நகர கிளப் ஒன்று அவரைப் பார்த்துவிட்டு, கையோடு ஒப்பந்தம் போட்டுக் கூட்டிக்கொண்டு போனது. மாலே ஒரு மணி நேரத்தில் நடந்தே சுற்றிவிடக்கூடிய ஊர். மூன்று வேளையும் மீன். முழுப் பெயர் வாயில் நுழையாததால் அவர்கள் ‘இரூசு’ என்று கூப்பிட்டார்கள். முதல் வருஷம் நன்றாகவே போனது.

அடுத்த ஆகஸ்டில் ஒரு மாத விடுப்பில் ஊருக்கு வந்தார். செப்டம்பர் இருபதாம் தேதிக்குள் திரும்பவேண்டும், கோப்பை ஆட்டங்கள் இருந்தன. ஆனால் பதினேழாம் தேதி இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வார சாலை மறியல் தொடங்கியது. சேலம் ரோடு நெடுகப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். ஒரு பஸ் கிடையாது. எலவனாசூர்கோட்டையில் மறியலை முன்னால் நின்று நடத்தியவர் இருசப்பனின் அண்ணன் செல்லமுத்து.

“நான் ரயிலுக்குப் போவணும்ணா” என்றார் இருசப்பன்.

“உனக்குன்னு மரத்த நவுத்த முடியாதுடா. ஊரே பாத்துக்கினு இருக்குது.”

“நவுத்தச் சொல்லல. சும்மா சொன்னேன்.”

வயல் வழியாக நடந்தே விருத்தாசலம் ரயிலடிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. இரண்டு நாள் அண்ணன் பக்கத்தில் ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் மதியம் உளுந்தூர்பேட்டைப் பக்கமிருந்து போலீஸ் வேன்கள் வந்தன. செல்லமுத்து தம்பியின் தோளைப் பிடித்துத் தள்ளினார்.

“எழுந்து போடா. கேஸு ஆயிட்டா உன் பாஸ்போர்ட்டு இன்னா ஆவும்?”

“நீ மட்டும்…”

“போடான்றேன்!”

இருசப்பன் பக்கத்துக் கரும்புத் தோட்டத்துக்குள் போய் நின்றார். அங்கிருந்தே அண்ணன் வேனில் ஏறுவதைப் பார்த்தார். அந்த வேன் கண்ணில் மறைந்த பிறகுதான் வெளியே வந்தார்.

வழி திறந்ததும் அவர் முதலில் போனது உளுந்தூர்பேட்டைக்கு. அங்கே லாரி உதிரி பாகக் கடை வைத்திருந்த, குடும்பத்துக்குப் பழக்கமான நூர் முகமதுவிடம் தொலைபேசி இருந்தது. மாலேவுக்கு டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காலையிலிருந்து மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தார். கிளப் மேலாளர் இரண்டே வாக்கியம் பேசினார். பத்து நாளில் வந்தால் இடம் உண்டு, இல்லையென்றால் இலங்கையிலிருந்து ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

“கெளம்பு தம்பி” என்றார் நூர் முகமது. “அண்ணன் வந்துடுவாரு. வூட்ட நான் பாத்துக்கறேன்.”

“கடலக்கா பூமிக்குள்ள கெடக்குது பாய். இப்ப மழ வந்தா மொளச்சிடும். அம்மா ஒண்டியா இன்னா செய்யும்?”

அம்மா கொளஞ்சியம்மாளும் அவரும் ஆள் வைத்துக் கடலையைப் பிடுங்கி, ஆய்ந்து, காயவைத்தார்கள். இருபத்தெட்டு நாள் கழித்துச் செல்லமுத்து வெளியே வந்தார். வாசலில் தம்பியைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“நீ இன்னும் போவலயா?”

“கடல எடுத்தாச்சு. இனிமேதான்.”

“அங்க எடம் இருக்குதா?”

“தெரியலணா.”

இடம் இல்லை. நவம்பரில் போய்ச் சேர்ந்தபோது அவருடைய இடத்தில் இலங்கைக்காரர் நிமல் ஆடிக்கொண்டிருந்தார். மேலாளர் மனமிரங்கி இருசப்பனை மாற்று ஆட்டக்காரராக வைத்துக்கொண்டார். நான்கு மாதம் கோட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தார். பார்த்துப் பார்த்து ஒன்று தெரிந்தது: நிமல் பந்தோடு முன்னேறியதும் அவருக்குப் பின்னால் பெரிய வெற்றிடம் விழுகிறது, எதிரணி அதற்குள்தான் புகுகிறது. ஒருநாள் பயிற்சி முடிந்ததும் பயிற்சியாளரிடம் போய், “என்னை நிமலுக்குப் பின்னால் நிறுத்திப் பாருங்கள்” என்று கேட்டார். நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருவரும் சேர்ந்தே ஆடினார்கள்.

1990இல் கிளப் ஒரு நட்பு ஆட்டத்துக்குத் திருவனந்தபுரம் வந்தது. கடிதம் கண்டு செல்லமுத்து ரயிலேறி வந்துவிட்டார். தம்பி ஆடுவதை அவர் பார்த்தது அந்த ஒரு முறைதான். ஆட்டம் முடிந்ததும் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தார்கள்.

“நீ ஒரு கோலும் போடலயேடா. பந்து வந்தவொடனே எவன்கிட்டனா குடுத்துடற.”

“அதான்ணா என் வேல.”

“மொதல்ல ஒண்ணும் புரியல. அப்பறம் உன்ன மட்டும் பாத்தேன். ஒருத்தன் எடத்த வுட்டுட்டு ஓடுனா நீ போய் அங்க நின்னுக்கற.”

இருசப்பன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: “அன்னிக்கி உன்ன ஏத்தும்போது நான் கரும்புக்குள்ள நின்னுக்கினு பாத்தேன்ணா. வெளிய வரல.”

“தெரியும். வேன்லேர்ந்தே உன் சட்ட தெரிஞ்சுது. வெளிய வந்துடப் போறியேன்னுதான் எனக்கு பயம்” என்ற செல்லமுத்து, இன்னொரு டீ சொன்னார்.

1992இல் முழங்கால் வீங்கி அடங்காமல் போனதும் இருசப்பன் ஆட்டத்தை விட்டார். ஊருக்கு வந்து, ராணியம்மாளைக் கல்யாணம் செய்துகொண்டு, அண்ணனோடு சேர்ந்து கரும்பு போட்டார். சில வருஷம் கழித்து, மறியலுக்குப் பிறகு வந்த ஒதுக்கீட்டில் செல்லமுத்துவின் மகள் சந்தியா நர்ஸ் படிப்பில் சேர்ந்து முடித்தாள். முதல் வேலை கல்வராயன் மலையில், கரியாலூர்ப் பக்கம். திங்கட்கிழமை காலையில் அவளை மொபெட்டில் கொண்டுபோய் விடுவது சித்தப்பாவின் பொறுப்பு.

இரண்டு பேரையும் சுமந்துகொண்டு அந்த வண்டி சில வளைவுகளில் ஏறாது.

“எறங்கிக்கட்டா சித்தப்பா?”

“எறங்கு. எறங்கித் தள்ளிக்கினு வா. எனக்கு முட்டி வலிக்குது” என்பார் இருசப்பன், இருக்கையைவிட்டு அசையாமல்.