பெரியம்மா சம்மதித்த மீன்

அம்மாவுக்கு முதல் மருந்து ஏற்றுவதாக இருந்த காலையில் கிளினிக் வாங்குப் பலகையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்: அம்மா, அம்மாவின் மூத்த அக்காவான பெரியம்மா, நான். அப்பா வரவில்லை. கடலோடு சேருகிற வாவியில் விரித்த வலையை விடியற்காலையில் எடுக்காவிட்டால் நண்டு கடித்துக் குதறிவிடும். என் அக்கா இருந்திருந்தால் அவள்தான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பாள். சுனாமி வந்த அன்று, கல்குடாவில் இருந்த எங்கள் பழைய வீட்டோடு அவளும் போய்விட்டாள்.

நாட்டில் சண்டை முடிந்த அடுத்த வருசம் அது. அம்மாவின் இடது மார்பில் கான்சர் என்று கண்டுபிடித்து, டவுன் ஆஸ்பத்திரியில் மார்பை முழுதாக எடுத்திருந்தார்கள். ஒப்பரேசன் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் வெட்டின இடத்தில் தோலுக்குக் கீழே நீர் சேர்ந்தது. ஊசியால் உறிஞ்சி எடுத்தார்கள், திரும்பவும் சேர்ந்தது. பிறகு தையலின் ஒரு ஓரம் கறுத்து, அந்த இடம் விரிந்து, ஒரு கரண்டி வைக்கலாம் போல் குழி விழுந்தது.

டொக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கதிரையை அம்மாவுக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

"அம்மா, இண்டைக்கு மருந்து ஏத்த ஏலாது. இந்த மருந்து கான்சரை மட்டும் பிடிக்காது, புதுசா வளர்ற சதையையும் பிடிக்கும். புண் திறந்திருக்கிற நேரம் கிருமி உள்ள போனா உங்கட உடம்பு தாங்காது."

"அப்ப ஆறின பிறகு வாறம் ஐயா," என்றாள் அம்மா.

"வாங்க. ஆனா நிறையப் பிந்தவும் கூடாது. பிந்தப் பிந்த மருந்தால வாற பலன் குறையும்."

பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மா சொன்னாள்: "ஆறவும் வேணுமாம், கெதியா ஆறவும் வேணுமாம். நெல்லெண்டா வெயில்ல பரப்பி விடலாம்."

பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கம்பஸ் வரைக்கும் படித்தவன் நான். அந்தப் படிப்பால் இந்தக் குழியை எப்படி நிரப்புவது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் தினமும் மருந்து கட்டினோம். கட்டுகிற தாதி, எங்களுக்கு மிஸ்ஸி, ஒரு நாள் பஞ்சைப் பிடித்தபடியே கேட்டா:

"அம்மா, நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"சோறு, மிஸ்ஸி."

"கறி?"

"முருங்கையிலைச் சொதி."

"அதுக்கு முதல் நாள்?"

"அதுதான்."

"உங்கட வீட்டுக்காரர் மீன் பிடிக்கிறவரெல்லோ?"

"மீன் விக்கிறத்துக்கு. எனக்கில்ல. புண்ணுக்குக் கிரந்தி."

மிஸ்ஸி என்னை நிமிர்ந்து பார்த்தா. எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒப்பரேசன் முடிந்து வந்த நாளிலிருந்து அம்மாவின் தட்டில் மீனையோ முட்டையையோ நான் காணவில்லை. காணாதது எனக்கு வித்தியாசமாகப் படவும் இல்லை. எங்கள் பக்கத்தில் உடம்பில் கத்தி பட்டால் கிரந்தி பார்ப்பார்கள். சூரை, இறால், நண்டு, முட்டை, கத்தரிக்காய் எல்லாம் புண்ணைக் கிளறி நீர் வடியப் பண்ணும் என்று விலக்குவார்கள். சின்ன வயதில் என் காலில் ஆணி ஏறினபோது நானும் சோறும் சொதியுமாகத்தான் கிடந்தேன்.

"சதை வளர்றதுக்கு உடம்புக்குச் சாமான் வேணும் தம்பி," என்றா மிஸ்ஸி. "மீன், முட்டை, பருப்பு. வெறும் சோத்தில சதை வராது."

அடுத்த கிளினிக்கில் டொக்டரும் அதையே சொன்னார். பெரியம்மாதான் அப்போது எங்களுடைய சமையல். கல்குடாக் கரையிலிருந்து உள்ளுக்குத் தள்ளிக் கட்டிக் கொடுத்த சுனாமி வீட்டுக்கு, அம்மாவைப் பார்க்கவென்றே தன் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து நின்றா. நான் குசினி வாசலில் நின்று புரதத்தைப் பற்றி ஒரு பாடமே நடத்தினேன். பெரியம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"முடிஞ்சிதா மனே?"

"முடிஞ்சிது."

"டொக்டர் வெட்டப் படிச்சவர், வெட்டினார். நல்லா வெட்டினார், நான் குறை சொல்லல்ல. கிரந்தி அவருக்கு என்ன தெரியும்? ஏற்கனவே நீர் வடியுது. அதுக்கு மேல முட்டையக் குடுத்து, நாளைக்கு என்ட தங்கச்சிக்கு ஒண்டு கிடக்க ஒண்டு ஆனா, உன்ட புரதம் வந்து பாக்குமா?"

அவவுக்கும் பயம், எனக்கும் பயம். இரண்டும் ஒரே பயம்தான். அது தெரிந்தும் நான் குரலை உயர்த்தினேன். அம்மா உள்ளே படுத்தபடி, "ரெண்டு பேரும் மெதுவாச் சண்டை பிடியுங்க, நித்திர வருகுது," என்றாள்.

அப்பா முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். எழும்பாமலே கேட்டார்: "மச்சாள், கிரந்தி இல்லாத மீன் எது? நீங்களே சொல்லுங்க. அதப் பிடிச்சுக் கொண்டு வாறன்."

துருவலைச் சத்தம் நின்றது. பெரியம்மா அவசரப்படவில்லை. கடல் மீன்களை ஒவ்வொன்றாகச் சொல்லித் தள்ளினா. வாவி மீனில் ஒன்றிரண்டை அரைகுறையாக ஒதுக்கி வைத்தா. கடைசியில் சொன்னா: "விரால். விரால் புண்ண ஆத்தும். அதுக்கு நான் மாட்டன் எண்டு சொல்லல்ல."

அப்பாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். விரால் குளத்து மீன். கடலிலும் வாவியிலும் வளர்ந்த அப்பா அதைச் சேற்று மீன் என்று வாயில் வைக்கமாட்டார். அது கிடைப்பதும் கிரானுக்கு அங்கால், வயல்பக்கக் குளங்களில்தான். சண்டைக் காலத்தில் அந்தப் பக்கம் போய்வருவது லேசில்லை. இப்போது பாதை திறந்திருந்தது. அடுத்த நாள் காலையே தூண்டிலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்பட்டார். நானும் கூடப் போனேன்.

குளத்தில் தண்ணீர் வற்றி ஓரமெல்லாம் சேறு. அப்பா முழங்கால் வரை இறங்கி, கடலுக்கு வீசுவதுபோலத் தூண்டிலை வீசினார். அது போய்த் தாமரைக் கொடியில் மாட்டிக்கொண்டது. கரையில் மாடு பார்த்துக்கொண்டு நின்ற வயல்காரர் ஒருவர் கொஞ்ச நேரம் ரசித்தார்.

"அண்ணன் எந்தப் பக்கம்?"

"கல்குடா."

"கடல்ல மீன் முடிஞ்சுபோச்சாக்கும்."

"முடியல்ல. வீட்டில ஒரு ஆளுக்குப் புண். விரால்தான் வேணுமாம்."

அந்த மனிதரின் சிரிப்பு அடங்கியது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஒரு தவளைக்குஞ்சைப் பிடித்துத் தூண்டிலில் குத்தி, பாசி ஓரமாக மெல்ல வைத்துக் காட்டினார். மத்தியானத்துக்குள் கைமொத்தத்தில் இரண்டு விரால். அப்பாவின் காலில் அட்டைகள். திரும்பும் வழி முழுக்க, "மீன்பிடிய என்னட்டப் படிக்க வேண்டியவனட்ட நான் படிச்சிட்டு வாறன்," என்று சொல்லிக்கொண்டே வந்தார். சொல்லும்போது சந்தோசமாகத்தான் இருந்தார்.

பெரியம்மா மிளகும் உள்ளியும் போட்டு ஆக்கினா. அம்மா முள்ளைக்கூட உறிஞ்சித் தின்றாள். அதற்குப் பிறகு அந்த வயல்காரரே விராலைக் கிரான் சந்தியில் கொண்டுவந்து தருவார்; அப்பா போய் வாங்கி வருவார். வயல்காரர் காசு வாங்கமாட்டேன் என்பார். அப்பா பதிலுக்கு வாவி இறாலைக் கொடுத்துவிட்டு வருவார்.

முட்டைக்கு மட்டும் பெரியம்மா சம்மதிக்கவில்லை. அதை முடித்து வைத்தவள் அம்மா. ஒரு காலை அவளே எழும்பிப் போய், வலது கையால் ஒரு முட்டையை அவித்து, பெரியம்மாவுக்கு முன்னால் இருந்து கோது உடைத்தாள்.

"என்னகா தங்கச்சி செய்யுறாய்?" என்றா பெரியம்மா.

"கிரந்தி வந்தா எங்க வரும்? புண்ணிலதானே. அது எப்பயோ திறந்துதான் கிடக்கு. வந்து பாத்துட்டுப் போகட்டும்."

பெரியம்மா உப்புத் தூளை எடுத்து அம்மாவின் பக்கம் தள்ளினா. பிறகு மூன்று நாலு நாள், மருந்து கட்டப் போகும்போதெல்லாம் கூடவே வந்து, மிஸ்ஸியின் தோளுக்கு மேலால் புண்ணை எட்டிப் பார்த்தா. நீர் கூடவில்லை.

மாற்றம் ஒரேயடியாக வரவில்லை. ஒரு வாரம் குழி சிவந்து நன்றாக இருக்கும். அடுத்த வாரம் ஓரத்தில் மஞ்சள் படியும். மிஸ்ஸி சுரண்டி எடுக்கும்போது அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு, அன்றைக்கு என்ன கறி என்று பெரியம்மாவிடம் கேட்பாள். மழை தொடங்கும் காலத்தில் குழி மேடாகி, மேலே மெல்லிய தோல் பிடித்தது. அவிழ்த்துப் பார்த்த மிஸ்ஸி, "இனி இஞ்ச வராதீங்க," என்றா. அம்மாவுக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே குந்திவிட்டாள்.

டொக்டர் தொட்டுப் பார்த்து, கொஞ்சம் பிந்தித்தான் போச்சு, ஆனால் கைவிட்டுப் போகவில்லை என்றார். அடுத்த வாரமே முதல் மருந்து ஏறியது. அன்றைக்கு அப்பாவும் வந்து வாங்கில் எங்களோடு இருந்தார். "விரால்தான்," என்றா பெரியம்மா. "விரால்தான்," என்றேன் நானும்.

ஆஸ்பத்திரி எங்களிடம் ஒரு சதமும் கேட்கவில்லை. பஸ், ஓட்டோ, வெளியில் வாங்கின மருந்துத் துணி, முட்டை, பருப்பு, அப்பா தொழிலுக்குப் போகாத நாட்களுக்கு வாங்கின அரிசி எல்லாம் சேர்த்து, புண் மூடும்வரை எங்களுக்குப் போனது இருபத்து மூவாயிரம் ரூபாய். விரால் அந்தக் கணக்கில் இல்லை.