"பேசியாச்சு" என்று தட்டியவர்

லேத்துப் பட்டறை முதலாளிக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதற்காக அவரை ஏய்த்துவிடலாம் என்று நினைத்தவன் இன்னும் பிறக்கவில்லை. கூலிக்கு இரும்பு கடைந்தவர், இன்று ஆறு லேத்துக்குச் சொந்தக்காரர். தானே விழுந்து தானே எழுந்த ஆள்.

அப்பேர்ப்பட்டவருக்குக் கைபேசியைத் திறந்தாலே குமட்டும். விடிந்தால் போதும், சிநேகிதர்கள் பூப்படம் அனுப்பிவிடுவார்கள். ஒரே ரோஜா, எட்டுப் பேரிடமிருந்து.

"ஒருத்தன் துப்புனதை இன்னொருத்தன் எடுத்து மெல்லுறான். நாப்பது வருஷம் பழகுனதுக்கு இதுதான் மிச்சமா?" என்று மகளிடம் பொரிந்து தள்ளினார்.

மகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. பட்டறையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில், கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் வரும் ஒரு புரோகிராமை எழுதி வைத்தாள். படம் கிடையாது, பூ கிடையாது. "யார்" என்று தட்டினால், பேசி ஒரு மாதம் தாண்டிய சிநேகிதர் பெயர் நாள் கணக்கோடு சிவப்பில் வரும். பேசி முடித்து, பெயரோடு "பேசியாச்சு" என்று தட்டினால் மறைந்துவிடும்.

"உங்களுக்கு வருமாப்பா?"

"முடி கனத்துக்குக் கடையுறவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?"

ஒற்றை விரலால் தட்டியே பத்து நாளில் பழகிவிட்டார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதே பேச்சு.

சங்கடம், ஒலிபெருக்கி என்று பட்டப்பெயர் வாங்கிய சிநேகிதனால் வந்தது. இளவயதில் அவரோடு ஒரே லேத்தில் நின்றவன். மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல். போனை எடுத்தால் ஒரு மணி நேரம் விடமாட்டான். முட்டி வலி, மருமகன் குறை, மறுபடி முட்டி வலி. ஒருநாள் அவசரத்தில், பேசாமலே "பேசியாச்சு ஒலிபெருக்கி" என்று தட்டினார். சிவப்பு போயிற்று. யாரும் கேட்கவில்லை. அடுத்த மாதமும் தட்டினார். இப்படி நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு வேலையை முடித்த திருப்தி வேறு.

பிறகு ஒருநாள் இன்னொரு சிநேகிதரான பெயிண்டர் போன் செய்தார். "ஒலிபெருக்கியைப் போய்ப் பாத்தியா? தொண்டையில ஆபரேஷன் ஆகி ரெண்டு மாசம் ஆச்சே. இனிமே குரல் வராதாம்."

போட்ட வேலையைப் போட்டபடி விட்டு ஓடினார். கதவைத் திறந்தது ஒலிபெருக்கியின் மனைவி.

"வாங்கண்ணே. ஆபரேஷனுக்கு முந்தின நாள் வரைக்கும் போனைக் கையிலயே வச்சிருந்தார். நானே கூப்பிட்டா அவனுக்கு வேலை கெடும், மாசம் தவறாம அவனே கூப்பிடுவான்னார்."

கட்டிலில் இருந்தவன் கழுத்தில் கட்டு. பேரப்பிள்ளையின் சிலேட்டை எடுத்து எழுதி, சிரித்துக்கொண்டே நீட்டினான்.

"இனிமே ஒரு மணி நேரம் ஆகாது. தைரியமாக் கூப்பிடு."

முதலாளிக்குத் தன் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அந்த ஒற்றை விரல்தானே.

பட்டறைக்குத் திரும்பியபோது மகள் திரைமுன் உட்கார்ந்திருந்தாள். "ஒலிபெருக்கி மாமாவைப் பாத்துட்டீங்கள்ல? பேசியாச்சுன்னு போட்டுடவா?"

"வேண்டாம். முன்னாடி நான் போட்ட நாலையும் அழி."

"ஏம்ப்பா?"

சொன்னார். தன் பிழையைத் தன் வாயால் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் ஒவ்வொன்றாக அழித்தாள். "ஒலிபெருக்கி, 163 நாள்" என்று சிவப்பில் வந்து நின்றது.

பிறகு தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். அந்த எட்டு ரோஜாவையும் அவர் பார்த்த அதே பார்வை.