படகுக்காரன் அழைப்பு

மன்சூரா நகர நூற்பாலை அலுவலகத்தில் உல்லாசப் பயணம் என்றால் ரிஃபாத்தான். சம்பளக் கணக்கு பார்ப்பது அவன் வேலை. ஆனால் அதற்காக யாரும் அவன் மேசையைத் தேடி வந்ததில்லை. இந்த வசந்தத்தில் எங்கே போகிறோம், பஸ்ஸில் யார் பக்கத்தில் யார் என்று கேட்கத்தான் வருவார்கள். அவனும் ஏனோதானோ என்று எதையும் செய்ததில்லை. முந்தின வெள்ளிக்கிழமையே தனியாகப் போய் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு வருவான். அங்கே பிரித்துச் சாப்பிடும் உப்பு மீனின் வாடை ஆகாதவர்களைக் காற்று வரும் பக்கமாக உட்கார வைக்க வேண்டுமே. பேச்சுவார்த்தை இல்லாத இருவரை ஒரே அடுப்பில் மீன் சுட வைத்து, திரும்பும்போது ஒருவர் தோளில் மற்றவர் தூங்கும்படி செய்ததும் அவன்தான்.

அவனுக்கு மசியாதவர் ஒருவர் உண்டு. பஞ்சுக் கிடங்கு ஹெல்மி. மனைவி இறந்த பிறகு பொதிகளுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிடுவார். ஒரு பயணத்துக்கும் வந்ததில்லை. இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். இந்தத் தடவையும் அவர் இல்லாமல் ராஸல்பர் கடற்கரைக்குப் போனால், இனி அவர் எப்போதுமே வரப்போவதில்லை. அந்த நினைப்பு ரிஃபாத்தை உறுத்தியது.

கேட்டும் பார்த்தான். “போய்ட்டு வாங்கப்பா, நான் வந்த மாதிரிதான்” என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் அக்கா இன்ஸாஃப் திராட்சை இலையில் அரிசி வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். இவன் எதிரில் உட்கார்ந்து, அந்த மனிதருக்கு யாரும் வேண்டாம் போலிருக்கிறது என்று அலுத்துக்கொண்டான். எப்படிக் கேட்டாய் என்றாள். கிடங்கு வாசலைத் தாண்டும்போது கையை உயர்த்தியதை நடித்துக் காட்டினான்.

“ஒரு கால் வெளியில வச்சிக்கிட்டா?”

“அவசரமா போயிட்டிருந்தேன்க்கா.”

“நடு ஆத்துல போற படகுக்காரன் கரையில நிக்கிறவனப் பாத்து, வா சாப்பிடலாம்னு கூப்பிடுவானே, அப்படிக் கூப்பிட்டிருக்கே. நீந்தியா வருவாரு? ஊருக்கே பந்தி போடுற, ஒரு மனுஷனக் கூப்பிடத் தெரியல.”

அவள் சொன்னது உண்மை. முதல் தடவையே சரி என்பவனை இந்த ஊரில் சோற்றுக்கு அலைபவன் என்பார்கள். மறுக்க வேண்டும், அழைத்தவர் விடக் கூடாது, அதற்குப் பிறகுதான் அழைத்தவர் மனசு தெரியும். ரிஃபாத் வீட்டுக்கு வந்தவர்களை அப்படித்தான் உபசரிப்பான். அலுவலகத்தில் மட்டும் ஆமாம், இல்லை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளும் பழக்கம் எப்படியோ ஒட்டிக்கொண்டது.

மறுநாள் கிடங்குக்குள் போய் ஒரு பொதிமேல் சப்பணமிட்டு உட்கார்ந்தான். ஹெல்மி தேநீர் ஊற்றினார். அவன் கேட்டான். முழங்கால் வலி என்றார். தேநீரைக் குடித்து முடித்துவிட்டு மறுபடி கேட்டான். சின்னஞ்சிறுசுகளுக்கு நடுவில் நான் எதற்கு என்றார்.

“சத்தியமா சொல்றேன் மாமா. நீங்க ஏறாம பஸ் நகராது.”

ஹெல்மி வெறும் கோப்பையை விரலால் சுற்றிக்கொண்டிருந்தார். “வருஷா வருஷம் கேப்பீங்க. நான் வேண்டாம்பேன். ரெண்டாவது தடவ யாரும் கேட்டதில்ல” என்றார். பிறகு, “எனக்கு முன்சீட்டு வேணும். பின்னால உக்காந்தா வயித்தப் புரட்டும்” என்றார்.

முன்சீட்டு எப்போதும் ரிஃபாத்துடையது. எல்லோரையும் ஏற்றிவிட்டு ஓட்டுநர் பக்கத்தில் உட்காருவதுதான் அவனுக்குப் பெருமை. அந்த வெள்ளிக்கிழமை பின்வரிசையில், பானைகளுக்கு நடுவே குலுங்கிக்கொண்டு போனான்.

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஹெல்மி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அதற்குப் பிறகு மீன் அடுப்பு அவர் கைக்குப் போய்விட்டது. மேலாளரையே விசிறச் சொன்னார். உப்பு பத்தவில்லை என்று கணக்குப் பிரிவையே கலாய்த்தார்.

திரும்பும் வழியில் முன்னாலிருந்து குரல் வந்தது. “ரிஃபாத், அடுத்த தடவ எங்க?”

ஓய்வு பெற்றவர்களை அழைத்துப் போகலாமா என்று அவன் யோசித்ததே இல்லை. ஆனால் வாய் முந்திக்கொண்டு ஓர் ஊரின் பெயரைச் சொல்லிவிட்டது. “ரஷீத்.”

“ரஷீத்ல காத்து ஜாஸ்தி. பல்தீம் போவோம்.”

ரிஃபாத் விட்டுக்கொடுக்கவில்லை. பஸ் மன்சூராவுக்குள் நுழையும் வரை இருவரும் முன்னும் பின்னுமாகக் கத்திப் பேசிக்கொண்டே வந்தார்கள். நடுவில் இருந்தவர்களால் கண்ணை மூட முடியவில்லை.